ஆடி பதினெட்டும் வீட்டு நிம்மதியும்: சட்டம் தரும் பாதுகாப்பு

ஆடி பதினேழு, பதினெட்டு என்றால் கொல்லிமலை நிரம்பி வழியும். செம்மேட்டில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா, அறப்பளீஸ்வரர் கோயில் கூட்டம், ஆகாய கங்கைக் குளியல், கீழ்நாட்டிலிருந்து வந்திறங்கும் உறவுகள் என்று வாழவந்தி நாட்டு வீடுகளில் அடுப்பு அணையாது. அதே நாட்களில்தான் மிளகு விற்றுச் சேர்த்த காசு பல வீடுகளில் குடியில் கரைகிறது. அடிதடி நடக்கிறது, பிள்ளைகள் பயந்து ஒதுங்குகிறார்கள். “நல்ல நாளும் அதுவுமா எதுக்கு வம்பு” என்று பெண்கள் பொறுத்துப் போகிறார்கள். பொறுத்துப் போக வேண்டியதில்லை. நல்ல நாளிலும் சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

கடை மூடிய நாளில் வரும் ஆபத்து

விழா நாட்களில் மலையிலுள்ள மதுக்கடைகளை மூட மாவட்ட ஆட்சியர் உத்தரவிடுவது வழக்கம். ஆனால் கடை மூடிய நாளில்தான் பிளாக்கில் பாட்டிலும், பாக்கெட்டில் சாராயமும் வாசலுக்கே வருகின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 65க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு. வாசனையை வைத்தோ நிறத்தை வைத்தோ மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது. குடித்தவுடன் சாதாரண போதைபோலத்தான் இருக்கும். பல மணி நேரம் கழித்து வயிற்று வலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரும், பார்வை மங்கும். கண் மங்குகிறது என்று சொன்னாலே நேரம் கடத்தாமல் 108ஐ அழையுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு என்று கைவைத்தியம் பார்த்தால் உயிர் போகும். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைக்காதீர்கள். என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்று டாக்டரிடம் சொன்னால்தான் சரியான மாற்று மருந்து கிடைக்கும்.

கள்ளக்குறிச்சிக்குப் பிறகு தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. கள்ளச்சாராயத்தால் உயிர் போனால், அதற்குக் காரணமானவருக்கு ஆயுள் தண்டனையும் 10 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஊருக்குள் சாராயமோ பிளாக் பாட்டிலோ விற்றால் 10581 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள். வாழவந்தி நாடு காவல் நிலையத்திலும் புகார் தரலாம்.

வளைவுகளில் வண்டி

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். குடித்தவரிடம் சாவியைக் கொடுத்தால், பின்னால் உட்காரும் மனைவி, பிள்ளையின் உயிரும் அவர் கையில்தான். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடித்துவிட்டு ஆகாய கங்கைப் படிகளில் இறங்குவதும் அருவிக்குள் நிற்பதும் அதே அளவு ஆபத்து.

பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடுத்தால்

“ஒரு மடக்கு குடிச்சுப் பாருடா மாப்ளே” என்று விழாக் குஷியில் மாமன் டம்ளரை நீட்டுவது விளையாட்டு இல்லை. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ கொடுத்தால், 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாட்டில் வாங்கிவரவும் பிள்ளையை அனுப்பாதீர்கள். தமிழ்நாட்டில் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மது விற்கவே கூடாது. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098ஐ அழையுங்கள்.

பையன் கஞ்சாவில் சிக்கிவிட்டான் என்று தெரிந்தால் அடித்து வீட்டைவிட்டுத் துரத்த வேண்டாம். சிறிதளவு கஞ்சா வைத்திருந்ததற்காகவோ புகைத்ததற்காகவோ வழக்கு வந்தாலும், போதைக்கு அடிமையானவர் தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால், போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு அந்த வழக்கிலிருந்து விலக்குக்கு வழி தருகிறது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

வீட்டில் அடி விழுந்தால்

குடிபோதையில் அடித்தார் என்பதால் அடி மன்னிக்கத்தக்கது ஆகிவிடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அடி, வசவு, சம்பாத்தியத்தைப் பிடுங்குதல் எல்லாமே வன்முறைதான். உடனடி உதவிக்கு 181 அல்லது 112. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலரிடம் நீங்களே சொல்லலாம், உங்களுக்காக அக்காவோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லலாம். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மனைவியை நினைத்தபடி வெளியே தள்ள முடியாது. தேவையென்றால் அடிப்பவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவும் நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஊர்க்கவுண்டர் பேசித் தீர்த்துவைத்தாலும் இந்த உரிமை போய்விடாது. பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் உதவி இலவசம். அதற்கு 15100.

குடியை நிறுத்த

குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கச் சொல்லி விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பொடி உள்ளே இருக்கும்போது அவர் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அதனால் டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்துவதே சரி. போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை.

விழாவுக்கு முன்பே

மே 1 அன்று கூடும் கிராம சபையில், விழா நாட்களில் கள்ள விற்பனையைத் தடுக்கவும் சோதனைச் சாவடியில் கண்காணிப்பை இறுக்கவும் கோரித் தீர்மானம் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கோ கோயிலுக்கோ 100 மீட்டருக்குள் மதுக்கடை இருந்தால் அதையும் எழுதுங்கள். கிராமப்புறத்தில் அந்தத் தூரத்துக்குள் கடை கூடாது என்பதுதான் விதி. ஒரு பெண் தனியாகக் கேட்பதைவிட மகளிர் குழுவே சேர்ந்து கேட்டால் அதிகாரிகள் தட்டிக்கழிப்பது கடினம். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பேசுங்கள்: செலவுப் பணம் யார் கையில், வண்டி ஓட்டுவது யார், சண்டை வந்தால் பிள்ளைகள் எந்த வீட்டில் தங்குவார்கள். குடிக்காத நேரத்தில், எல்லோர் முன்னாலும் இதைப் பேசி முடிவெடுங்கள்.