மூடிய மண்ணுக்குக் கீழே

சென்ற மாசி மாதத்தில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கொண்டு, கொழும்புக்குத் தெற்கே அத்திடியப் பக்கத்தில் பத்துப் பேர்ச் காணியொன்றுக்கு முற்பணம் கொடுத்திருந்தார். மகளின் சீதனக் காணி அது. "உறுதியைச் சட்டத்தரணி பார்த்துவிட்டார், சேர், மண்ணை நீங்கள் பார்க்க வேண்டும்" என்றார். நெடுங்காலம் புவியியல் படிப்பித்தவனுக்கு மறுக்க வாய் வருமா?

காணி சமதரையாய்ச் சிவந்து கிடந்தது. கிறவல் கொட்டி நிரப்பி, உருளையால் அழுத்தியிருந்தார்கள். ஒரு புல்லும் இல்லை. வேலிக்கு அப்பால் மாத்திரம் கோரையும் சம்பும் ஆளுயரத்துக்கு நின்றன.

அமெரிக்க இராணுவப் பொறியியற் படையினர் 1987 இல் ஈரநிலங்களின் எல்லையை வகுத்தற்கென ஒரு கைந்நூல் வெளியிட்டனர். தாவரம், மண், நீர் என்னும் மூன்றையும் அது சாட்சிகளாகக் கொள்கிறது. சாதாரண நிலமாயின் மூன்றும் ஒத்துச் சொல்லுதல் வேண்டும். மனிதன் கைவைத்த நிலத்திலோ தாவரம் வழிக்கப்பட்டிருக்கும், மண் மூடப்பட்டிருக்கும், நீர் வாய்க்கால் வழியே திருப்பப்பட்டிருக்கும். ஆதலின், இத்தகைய நிலங்களுக்கென அந்நூலில் ஒரு தனிப்பகுதி உண்டு. அழிக்கப்பட்ட சாட்சி எது, அழியுமுன் அது யாதாயிருந்தது என்று தேடுவதே அதன் முறை. தாவரத்துக்கு, அதே மட்டத்திலுள்ள கைபடாத அயல்நிலத்தையும் பழைய வான்படங்களையும் பார்க்கலாம். மண்ணுக்கு, ஆதித்தரை தட்டுப்படும்வரை தோண்டலாம்.

நீர்தான் பிடிகொடாதது. அது வரும், போகும். பயிர் வளரும் பருவத்திலே தொடர்ந்து 14 நாளேனும் நிலம் நீரில் மூழ்கியிருத்தல், அன்றி நிலத்தடி நீர் தரையிலிருந்து 12 அங்குலத்துக்குள் நிற்றல், இதுவும் பத்தாண்டில் ஐந்தாண்டேனும் நிகழ்தல் என்பது, கலக்கப்பட்ட நிலங்களில் நீரை அளந்து காண்பதற்குப் பிற்காலத்தில் அவர்கள் வகுத்த அளவை. குளிர்காலம் அறியாத கொழும்பில் ஆண்டு முழுவதுமே வளர்பருவம். நம்மவர் காணி காட்டுவது பெரும்பாலும் மழை ஓய்ந்த மாசியிலேதான் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

காணிக்காரர் அரைமனத்தோடு இசைந்தார். கூலியாட்கள் இருவர் அலவாங்கு கொண்டு குழி வெட்டினர். முதல் நான்கடி கிறவல். அதனுள் செம்மையும் மஞ்சளுமாய்ப் புள்ளிகள் தோன்றின. நீர் ஏறியிறங்கும் மண்ணிலும் இவ்வாறான புள்ளிகள் காணப்படும். ஆயின் இவை எங்கோ ஒரு மேட்டிலிருந்து கிறவலோடு வந்தவை. அவசரக்காரன் ஏமாறுமிடம் இது. அதன் கீழே நசுங்கிய கோரைத் தாள்கள், மக்கி முடியாத கருமண், அழுகிய முட்டை நாற்றம். காற்றுப் புகாத ஈரத்திலன்றி இவை உண்டாகா.

என்றாலும், மண் சொல்வது பழங்கதையாகவும் இருக்கலாம். எப்போதோ வாய்க்கால் வெட்டி வற்றிய நிலத்திலும் சாம்பல் நிறம் நெடுங்காலம் நிலைத்திருக்கும். ஆகவே, கருமண்ணுக்கு அடியிலிருந்த சாம்பற் களியில் ஒரு கட்டியை உடைத்து, உட்புறம் வெளித்தெரியக் காகிதத்தில் வைத்தேன். நாங்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அது பழுப்பேறிற்று. காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்களால் உருமாறிய இரும்பு, காற்றுப் பட்டதும் மீண்டும் துருவாகிறது. பழைய நிறம் மாத்திரம் எஞ்சியிருந்தால் இப்படி மாறாது. நீர் இன்னும் அங்கேதான் இருந்தது.

2010 நவம்பர் மழையில், தியவன்னா ஓயாவின் நடுவேயுள்ள பாராளுமன்ற வளவுக்குள்ளேயே வெள்ளம் புகுந்ததை அவருக்கு நினைவூட்டினேன். அதுவும் சதுப்பைத் திருத்தி அமைத்த இடமே. அவர் ஒன்றும் பேசவில்லை. குழியிலே துளையிட்ட குழாயொன்றை நிறுத்தி, ஆனி வரை தவணை கேட்டு வாங்கினார்.

வைகாசி மழை தொடங்கியபின் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அளவு சொல்வார். ஆதித்தரைக்கு மேல் மூன்று அங்குலம்; அடுத்த வாரம் ஏழு; மூன்றாம் வாரமும் ஏழு. அன்று சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "முற்பணத்தைத் திருப்பித் தருவாரோ, சேர்?" என்று கேட்டார்.