கசிந்த கடவுச்சொல்லும் கணக்கில் வராத இழப்பும்

கணினிப் பொறியாளரான என் மகள் சென்ற மாதம் தனது மடிக்கணினியில் கட்டளைகள் மட்டுமே இடக்கூடிய கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து வைத்து, "அப்பா, உங்கள் பழைய கடவுச்சொல்லை நீங்களே உள்ளிடுங்கள், நான் பார்க்கவில்லை" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளிட்டேன். திரையில் 14 என்ற எண் வந்தது. பல ஆண்டுகளாக நான் பல தளங்களில் பயன்படுத்திய அந்தச் சொல், இதுவரை வெளியான கசிவுகளில் 14 முறை இடம்பெற்றிருக்கிறது. அவற்றில் என்னுடையது எது, பிறருடையது எது என்பதைப் பட்டியல் சொல்லாது. திருடனுக்கு அந்த வேறுபாடு தேவையும் இல்லை. ஓரிடத்தில் கிடைத்த சொல்லை நூறு இடங்களில் பொருத்திப் பார்ப்பதே அவன் தொழில்.

2013-இல் அடோபி நிறுவனத்திலிருந்து 15 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் கசிந்தன. அதைத் தொடர்ந்து, ஆஸ்திரேலியரான டிராய் ஹன்ட் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தைத் தொடங்கினார். நான் தேடியது அத்தளத்தின் கடவுச்சொல் தொகுப்பில்தான். எனக்கு உடனே எழுந்த ஐயம் வாசகருக்கும் எழும்: கசிந்ததா என்று கேட்பதற்காகக் கடவுச்சொல்லை இன்னொருவரிடம் கொடுப்பது அறிவீனம் அல்லவா?

கொடுக்க வேண்டியதில்லை என்பதுதான் இந்த ஏற்பாட்டின் நுட்பம். 'ஷா-1' எனும் கணித முறை எந்தச் சொல்லையும் 40 குறிகள் கொண்ட கோவையாக மாற்றிவிடும். 'கர்ல்' என்ற சிறு கருவி அக்கோவையின் முதல் ஐந்து குறிகளை மட்டுமே அனுப்புகிறது. 'பாஸ்வேர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லையே கடவுச்சொல்லாக வைத்திருப்பவர் '5பிஏஏ6' என்பதை மட்டும் அனுப்புவார். 16 வகைக் குறிகளைக் கொண்டு இத்தகைய ஐந்து குறித் தொடர்கள் 10,48,576 உருவாகும். கேட்கப்பட்ட தொடரில் தொடங்கும் நூற்றுக்கணக்கான கோவைகளை, அவை எத்தனை முறை கசிந்தன என்ற எண்ணிக்கையோடு தளம் அனுப்பிவிடுகிறது. நம்முடையது அதில் உண்டா என்று ஒப்பிடுவது நம் கணினியிலேயே நடக்கிறது. நூலகரிடம் நூலின் பெயரைச் சொல்லாமல், அலமாரியின் பட்டியலை முழுவதுமாக வாங்கிவந்து வீட்டில் தேடுவதைப் போன்றது இது. ஓர் எச்சரிக்கை: கடவுச்சொல்லைக் கட்டளையோடு சேர்த்தே எழுதினால், கணினி அதைத் தன் கட்டளை வரலாற்றில் பதிந்து வைத்துக்கொள்ளக்கூடும். அதனால்தான் மகள், எழுத்துகளைத் திரையில் காட்டாமல் கேட்டு வாங்கும் சிறு நிரலை எழுதியிருந்தாள்.

மின்னஞ்சல் முகவரியைக் கொண்டும் அத்தளத்தில் தேடலாம். ஒரு கல்லூரியோ அலுவலகமோ, இணைய முகவரி தனக்குரியது என்று நிரூபித்துவிட்டு, அதன்கீழ் உள்ள மின்னஞ்சல்களில் எவையெவை கசிவில் சிக்கின என்றும் அறியலாம். பிறருடைய கசிந்த கடவுச்சொல்லைக் கொண்டு அவர்கள் கணக்கில் நுழைவது வேறு கதை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, மோசடியாக இன்னொருவர் கடவுச்சொல்லைப் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது.

என் முகவரி கசிந்தது எப்போதோ பதிவு செய்து மறந்துபோன ஒரு வணிகத் தளத்திலிருந்து என்று தெரிந்தது. அவர்களிடமிருந்து எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். ஆலை லாபம் ஈட்டுகிறது, ஆற்றோரத்தவர் கழிவைக் குடிக்கிறார்கள். பாதுகாப்பில் மிச்சம் பிடித்தவர் ஒருவர், அதன் விலையைச் செலுத்துபவர் மற்றொருவர் என்றால், மிச்சம் பிடிப்பவர் ஏன் திருந்த வேண்டும்?

2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தொடுகிறது. கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். போதிய பாதுகாப்பு செய்யாவிட்டால் 250 கோடி வரை. தொகை பெரிதுதான். ஆனால் அது இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும், பணத்தை இழந்தவர் கைக்கு வராது. கவனக்குறைவான நிறுவனத்திடம் இழப்பீடு கோர வழி தந்த பழைய சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டமே வகை செய்துள்ளது. அபராதம் நிறுவனத்தை அச்சுறுத்தலாம் என்பதை மறுக்கவில்லை. ஆயினும் இழப்பீடு என்ற உரிமையை எடுத்துவிட்டு அபராதத்தை மட்டும் வைப்பது, விபத்தில் காலொடிந்தவரிடம் ஓட்டுநருக்கு அபராதம் விதித்துவிட்டோம் என்று கூறி அனுப்புவதாகும்.

அன்று மாலையே ஏழு தளங்களில் கடவுச்சொல்லை மாற்றினேன். எட்டாவதாக, கசிவு நேர்ந்த அந்தத் தளத்துக்குச் சென்று கணக்கையே மூட முயன்றேன். அதற்கான பொத்தான் எங்கும் இல்லை. உதவிப் பிரிவுக்கு எழுதி மூன்று வாரங்களாகின்றன.