கைமாறிய பொருட்கள் – 9: ஒல்லாந்தர் காசு என்ன விலை?

முதலாம் இராசராசன் பெயர் பொறித்த செப்புக் காசு ஒன்றையும், 1957இல் புத்த ஜயந்திக்காக இலங்கை வெளியிட்ட ஐந்து ரூபாய் வெள்ளிக் காசு ஒன்றையும் மேசையில் வைத்து, எது விலை கூடியது என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக எல்லோரும் இராசராசனைத்தான் காட்டுவார்கள். ஆயிரம் வருடப் பழசு, அதுவும் சோழச் சக்கரவர்த்தி! ஆனால் காசு சேர்ப்பவர்களின் சந்தையில் தேய்ந்த இராசராசன் காசு மிக மலிவான சரக்கு. பல வேளைகளில் அந்த ஐந்து ரூபாய்க்கு முன்னால் அது நிற்கவே நிற்காது.

காரணம் எளிது. 993ஆம் ஆண்டளவில் சோழர் அநுராதபுரத்தைப் பிடித்த பிறகு இந்தச் செப்புக் காசு இலங்கை எங்கும் புழங்கியது. ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் இருக்கும் அரசன், பக்கத்தில் நாகரி எழுத்தில் பெயர். சோழர் போன பிறகும் அந்த உருவம் போகவில்லை. பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், இராணி லீலாவதி என்று பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அதே அமைப்பில் தங்கள் பெயரைப் போட்டு அடித்தார்கள். பானை பானையாகப் புதையலிலிருந்து வந்தவை இவை. 1957 காசின் கதை வேறு. ஒவ்வொன்றும் 28.28 கிராம், அதில் 92.5 வீதம் வெள்ளி. கணக்குப் பார்த்தால் ஒரு காசுக்குள் 26 கிராமுக்கு மேல் சுத்த வெள்ளி. அடித்தது ஐந்து இலட்சம். அதில் பாதிக்கு மேல் திரும்பிப் போய் உருக்கப்பட்டுவிட்டதாக நாணயப் பட்டியல்கள் சொல்கின்றன. யாரும் சேர்க்க விரும்பாவிட்டாலும் நகைக்கடைக்காரர் அதை வெள்ளி விலைக்கு எடுப்பார். தேய்ந்த இராசராசனைச் செப்பு விலைக்கு விற்றால் ஒரு பிளேன்டீ குடிக்கக் காணாது.

இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் பக்கத்துப் பழைய சாமான் கடை ஒன்றில் நடந்த பேச்சு. ஆரையம்பதியிலிருந்து காத்தான்குடிப் பக்கம் போகிறவர்களுக்கு இந்த மாதிரிக் கடைகள் பழக்கம். பித்தளைக் குத்துவிளக்கு, கும்பா, வெற்றிலைத் தட்டம், ஓடாத சுவர் மணிக்கூடு, இவற்றுக்கு நடுவில் கண்ணாடிப் போத்தல் நிறையக் காசு. கடைக்காரர் போத்தலைத் தொடவில்லை. லாச்சியைத் திறந்து, பஞ்சில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்தார்.

“இது ஒல்லாந்தக்காரன்ட காசு தம்பி. 1735 எண்டு ஆண்டும் கிடக்கு. கிட்டத்தட்ட முந்நூறு வருசம்.”

“என்ன விலை காக்கா?”

“ஐயாயிரம் சொல்றது. உங்களுக்கு எண்டா நாலு.”

காசு உண்மையானதுதான். ஒரு பக்கம் கேடயமும் சிங்கமும், மறுபக்கம் ஒன்றன்மேல் ஒன்று பின்னிய வி.ஓ.சி. என்ற மூன்று எழுத்து, கீழே ஆண்டு. ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘டுயிட்’. நமக்கும் அந்தக் கம்பனிக்கும் உறவு நீளமானது. கம்பனி தொடங்கிய 1602இலேயே ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்து மாலுமி மட்டக்களப்பில் வந்து இறங்கிவிட்டார். 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து புளியந்தீவுக் கோட்டையை அவர்கள் பிடித்தார்கள். வாவிக்கரைப் பழைய பெட்டகங்களில் இந்தக் காசு கிடப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

அதுதான் சிக்கலும். டுயிட்டுக்கு வயது இருக்கிறது, அருமை இல்லை. 1726இலிருந்து அந்த நூற்றாண்டு முடியும் வரைக்கும் ஒல்லாந்து, சீலாந்து, உட்ரெக்ட், மேற்குப் பிரீஸ்லாந்து, கெல்டர்லாந்து என்று பல மாகாணங்களின் அக்கசாலைகள் கோடிக்கணக்கில் இதை அடித்து ஏற்றின. பத்தாவியாவுக்கும் கொச்சிக்கும் கொழும்புக்கும் போன கப்பல்களில் பீப்பாய்களில் போனது. இந்தோனேசியாவில் இன்றும் கடைக்குக் கடை கிடைக்கும். தேய்ந்த டுயிட் ஒன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர் சந்தையில் பத்து டொலருக்குக் கீழே தாராளமாக வாங்கலாம். நாலாயிரம் ரூபாய் என்றால் அந்தச் சந்தையின் மேல்விலையையும் தாண்டி நிற்கிறது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அந்த மூன்று எழுத்து காசில் ஏறிய காரணம். ஒல்லாந்தில் எட்டு டுயிட் கொடுத்தால் ஒரு ஸ்டைவர். ஆசியக் கம்பனித் துறைகளில் நாலு டுயிட் கொடுத்தாலே ஒரு ஸ்டைவர். இந்த வித்தியாசத்தைக் கண்ட மாலுமிகளும் உத்தியோகத்தர்களும் சும்மா இருப்பார்களா? ஊரில் சாதாரண டுயிட்டை மூட்டையாக வாங்கி, பயணப் பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவந்து, இறங்கிய இடத்தில் இரட்டிப்பாக்கினார்கள். அந்தக் கள்ள லாபத்தை மறிக்கத்தான் கம்பனி தன் முத்திரை போட்ட தனிக் காசை அடித்து, ஆசியாவில் அது மட்டும் செல்லும் என்றது.

வி.ஓ.சி. முத்திரையிலேயே விலை கூடிய வகையும் இருக்கிறது. ஆனால் அது அழகான வட்டக் காசு இல்லை. தடித்து, விளிம்பு கோணி, பார்த்தால் இரும்புக்கடை வாசர் மாதிரி இருக்கும். 1780களிலும் 90களிலும் இலங்கையிலேயே அடித்த ஸ்டைவர் அது. கம்பனி முத்திரைக்கு மேலே ஓர் எழுத்து: கொழும்புக்கு சி, காலிக்கு ஜி, திருகோணமலைக்கு டி, யாழ்ப்பாணத்துக்கு ஐ. கொழும்பும் காலியும் அவ்வப்போது கண்ணில் படும். மற்ற இரண்டும் அரிது. அசிங்கமாக இருப்பதால் போத்தலின் அடியில் கிடக்கும். அழகான டுயிட் லாச்சிக்குள் பஞ்சுமெத்தையில் படுத்திருக்கும். கடைக்காரர்மேல் பிழை இல்லை. கண்ணுக்கு எது வாசிக்கக் கூடியதோ அதற்குத்தான் வாங்க வருகிறவர்களும் விலை கேட்கிறார்கள்.

காக்கா காட்டிய காசில் இன்னொரு குறை. பளபளவென்று மின்னியது. எங்கள் வீடுகளில் செம்பு, பித்தளை எதைக் கண்டாலும் பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிடுவார்கள், அல்லது தேசிக்காய். குத்துவிளக்குக்கு அது சரி. செப்புக் காசுக்கு அது கொலை. இருநூறு வருடம் காற்றும் கையும் சேர்ந்து ஏற்றிய பழுப்பு மேல்தோல் ஒரு தேய்ப்பில் போய்விடும், திரும்ப வராது. விவரம் தெரிந்தவர் அப்படித் தேய்த்த காசின் விலையைப் பாதிக்கு இறக்கிவிடுவார். வெள்ளிக் காசுக்குத் தழும்பு வேறு இடத்தில் இருக்கும். விக்டோரியா, எட்வேட் தலை போட்ட இந்திய ரூபாய்தான் அந்தக் காலம் இலங்கையிலும் ரூபாய். பிரித்தானியர் இங்கே 50 சதம் வரைக்கும்தான் வெள்ளியில் அடித்தார்கள். அந்த ரூபாயை மாலையில் கோத்தும், அரைஞாணில் தொங்கவிட்டும் போட்டுக்கொண்டார்கள். விளிம்பில் ஈயம் ஒட்டிய அடையாளமோ, துளை அடைத்த தடமோ இருந்தால் சேகரிப்பாளர் ஒதுங்கிவிடுவார். அதற்குப் பிறகு அது 11.66 கிராம் எடையுள்ள, 91.7 வீத வெள்ளி, அவ்வளவுதான். நகைக்கடைத் தராசில் போட்டு அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் கிடைக்கும் தொகைக்கு மேல் ஒரு சதமும் கொடுக்க வேண்டியதில்லை. 1940க்குப் பிந்திய ரூபாய் என்றால் கவனம்: வெள்ளி பாதிதான், 1947இல் வெள்ளியே கிடையாது, நிக்கல்.

கதையோடு வரும் காசு பற்றியும் ஒரு சொல். ‘கப்பல் காசு’ என்று சொன்னால் விலை ஏறும் என்பது வியாபாரிகளுக்குத் தெரியும். அப்படி ஒரு கப்பல் காசு உண்மையிலேயே உண்டு. 1961இல் தென்கிழக்குக் கரையில், பெரிய இராவணன் கோட்டை என்று நம் கடலோடிகள் சொல்லும் கிரேட் பாசஸ் பாறையடியில், மைக் வில்சன் குழுவினர் உடைந்த கப்பல் ஒன்றைக் கண்டார்கள். ஔரங்கசீப் காலத்து சூரத் வெள்ளி ரூபாய்கள், ஹிஜ்ரி 1113ஆம் ஆண்டு போட்டவை, மூட்டை வடிவிலேயே இறுகிக் கிடந்தன. ஆர்தர் சி. கிளார்க் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்த ரூபாய்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு எழுத்தில் சாட்சி இருக்கிறது. கடலில் எடுத்தது என்று வாயால் மட்டும் சொல்லப்படும் காசுக்கு, சொல்லாத காசின் விலைதான்.

காக்காவின் போத்தலை அவிழ்த்துப் பலகையில் கொட்டச் சொன்னேன். 1870ஆம் ஆண்டுத் தென்னந்தலை போன்ற மரம் பொறித்த சதங்கள், தமிழும் சிங்களமும் போட்டவை. மூலை மழுங்கிய சதுர ஐந்து சதங்கள். அலை விளிம்பு இரண்டு சதம். எல்லாம் வழக்கமான சரக்கு. இடையில் சின்னவிரல் நகத்தளவில் ஒரு செப்புத் துண்டு. ஒரு பக்கம் விக்டோரியா இளந்தலை, மறுபக்கம் கிரீடம், ஆங்கிலத்தில் கால் பார்திங் என்ற சொல், 1852. இலங்கை என்ற பெயர் எங்கேயும் இல்லை. அதனால்தான் அதை யாரும் தேடவில்லை. உண்மையில் இந்தக் கால் பார்திங்கை இலண்டன் அக்கசாலை அடித்தது இலங்கைக்காக மட்டும்தான்: 1839இலும், பிறகு 1851 முதல் 1853 வரையும். ஒரு பவுணுக்கு 3,840 வேண்டும். இங்கிலாந்தில் அது செல்லவே இல்லை. இத்தனை சின்னக் காசு தொலைந்துபோகாமல் வருவதே பெரிது, அதுவும் எழுத்துத் தெளிவாக. ஆங்கிலக் காசு சேர்ப்பவர்களுக்கு வரிசை முடிக்க இது வேண்டும். டுயிட்டைவிடப் பல மடங்கு கொடுப்பார்கள்.

“இந்தக் குட்டி என்ன விலை?”

“அது சும்மா, இருநூறு தாங்க.”

இந்த இடத்தில்தான் மலிவு என்பது என்ன என்று தெரிகிறது. கொழும்பில் ஏலத்துக்குப் போகிறவர் இருநூறைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார், அடுத்த முறை அந்த வீதியால் வரமாட்டார். நானோ வாரத்தில் இரண்டு தடவை அதே கடை வாசலால் சைக்கிளில் போகிறவன். காசு என்ன என்று சொல்லிவிட்டேன். உடனே விலை மூவாயிரம் ஆகியது. ஆயிரத்து எண்ணூறுக்கு முடித்தோம். அப்போதும் எனக்கு லாபம்தான். டுயிட் இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது.

போலிகளைப் பற்றி நீட்டத் தேவையில்லை, ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் பணம் மிஞ்சும். இராமர், சீதை, அனுமார், ஓம், தாமரை என்று பொறித்து, கிழக்கிந்தியக் கம்பனி அரை அணா, 1818 என்றோ 1616 என்றோ போட்ட காசுகள் இந்தியாவிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. ஆங்கிலக் கம்பனி அப்படி ஒரு காசும் அடித்ததில்லை. ‘அரிசி இழுக்கும் காசு’ என்று சொல்லித் தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கில் ஏமாற்றிய வழக்குகளில் வந்தது இந்தச் சாதிதான். மற்ற வார்ப்புப் போலிகளுக்கு விளிம்பைப் பாருங்கள்: அச்சு இரண்டும் சேர்ந்த கோடு சுற்றிவர ஓடும், முகத்தில் ஊசிமுனைக் குழிகள் இருக்கும்.

இனி லண்டன் மச்சான்மார் சங்கதி. அவர்கள் இணையத்தில் ஏல விலையைப் பார்த்துவிட்டு, வீட்டுப் பெட்டகத்துக் காசை அனுப்பச் சொல்கிறார்கள். அந்த விலை அங்கே இருக்கும் காசுக்கு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்திய பொருள் தொல்பொருள். உத்தரவுப் பத்திரம் இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. இராசராசன், நந்திக்குக் கீழே ‘சேது’ என்று தமிழில் பொறித்த யாழ்ப்பாண அரசர் காசு, டுயிட், ஸ்டைவர் எல்லாம் இதற்குள் அடங்கும். மண்முனைப் பாலத்துக்கு அங்காலே படுவான்கரையில் உழும்போது கிளம்பிய காசு என்றால் கதை இன்னும் இறுக்கம்: நிலத்துக்குள் இருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசாங்கத்துக்குச் சொந்தம், அறிவிக்க வேண்டும். “வயல்ல எடுத்தது” என்று ஒருவர் பெருமையாகக் காட்டும் காசுக்கு விலை பேசாமல் விடுவது நல்லது.

விக்டோரியாவின் கால் பார்திங் அந்தத் திகதிக்குப் பிந்தியது. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பது பிரித்தானியரின் யானை ஸ்டைவர்: ஒரு பக்கம் மூன்றாம் ஜோர்ஜ், மறுபக்கம் யானை, அடியில் 1815. சட்டம் கேட்பது மார்ச் மாதம் 2ஆம் திகதிக்கு முன்னா பின்னா என்று. காசில் ஆண்டு மட்டும்தான் இருக்கிறது. அதை அனுப்ப நினைக்கிறவர்கள் தபாற்கந்தோருக்குப் போகுமுன் தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

(அடுத்த வாரம்: அடகுக்குப் போன கும்பா)