தேர்வு ஒரு நாள். கவனம் நான்கு ஆண்டு!



நீங்கள் ஏழாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ படிக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பக்கத்தை நீங்கள் மட்டும் படித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா, அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். நான் சொல்லப்போவது வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

முதலில் ஒரு சிறுமியின் கதை. நான் வேலை பார்த்தது ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளி. அங்கே எட்டாம் வகுப்பு படித்த ஒரு பெண், என்.எம்.எம்.எஸ். தேர்வில் வெற்றி பெற்றாள். அவள் அம்மா செங்கல் சூளையில் கல் அறுப்பவர். காலை வணக்கக் கூட்டத்தில் அவளை முன்னால் நிறுத்தி எல்லோரும் கை தட்டினோம். பிறகு அவள் பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டாள்.

இரண்டு ஆண்டு கழித்துப் பேருந்து நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன்.

"உதவித்தொகை ஒழுங்கா வருதாம்மா?" என்று கேட்டேன்.

"போன வருஷம் வந்துச்சு டீச்சர். இந்த வருஷம் வரல."

"ரினியூவல் பண்ணினியா?"

"அப்படின்னா என்ன டீச்சர்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுப்பிக்க வேண்டிய கடைசித் தேதி எப்போதோ முடிந்திருந்தது. அந்த ஆண்டுப் பணம் 12,000 ரூபாய் போனது போனதுதான். அதை நம்பி அவள் அம்மா கடன் வாங்கியிருந்தார். அந்தக் கோடை விடுமுறையில் அவளும் அம்மாவோடு சூளைக்குப் போனாள்.

தேர்வுக்கு அவளைத் தயார் செய்த நான், தேறிய பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அன்று விட்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

ஏன் இந்த உதவித்தொகை?

தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம் என்பதுதான் இதன் முழுப் பெயர். மத்திய அரசு 2008ஆம் ஆண்டு இதைத் தொடங்கியது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரைதான் பொருந்தும். அதன்பிறகு என்ன? 'எட்டு வரைக்கும் படிச்சாச்சு, இனி வேலைக்கு வரட்டும்; வீட்டுக்கு இன்னொரு கூலி கிடைக்கும்' என்று நினைக்கும் ஏழைக் குடும்பங்கள் உண்டு. நன்றாகப் படிக்கும் பிள்ளையின் படிப்பு அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காக வந்ததுதான் இந்தத் திட்டம்.

தொடக்கத்தில் மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். 2017ஆம் ஆண்டிலிருந்து மாதம் 1,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நான்கு ஆண்டுகளுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 48,000 ரூபாய்!

யார் எழுதலாம்?

அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, நகராட்சி, மாநகராட்சிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். தனியார் பள்ளியிலும் கேந்திரிய வித்யாலயாவிலும் படிப்பவர்களுக்கு இது கிடையாது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 50 சதவீதம் போதும்.

தேர்வை நடத்துவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து தலைமை ஆசிரியரிடம் கொடுத்தால், பள்ளியிலேயே இணையத்தில் ஏற்றிவிடுவார்கள். தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே இரண்டாம் பருவம் தொடங்கியதும் வகுப்பாசிரியரிடம், "அறிவிப்பு வந்துவிட்டதா?" என்று விசாரித்துக்கொண்டே இருங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு?

தேர்வு எப்படி இருக்கும்?

இரண்டு தாள்கள். முதலாவது மனத்திறன் தேர்வு. ஆசிரியர்கள் 'மேட்' என்பார்கள். இரண்டாவது படிப்பறிவுத் தேர்வு, அது 'சாட்'. ஒவ்வொன்றிலும் 90 கேள்விகள், 90 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். விடையை எழுத வேண்டாம். சரியான வட்டத்தைக் கறுப்பாக்கினால் போதும்.

'சாட்' தாளில் அறிவியல், சமூக அறிவியல், கணக்கு ஆகிய மூன்றிலிருந்தும் கேட்பார்கள். ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புப் பாடப் புத்தகங்களை வரி விடாமல் படித்தாலே பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. 'மேட்' தாளுக்கு மனப்பாடம் உதவாது, யோசிக்க வேண்டும். இதோ, அந்த மாதிரியில் மூன்று கேள்விகள். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. 2, 6, 12, 20, 30... அடுத்த எண் என்ன?

2. ஒரு வரிசையில் மீனா முன்னாலிருந்து 7ஆவது ஆள்; பின்னாலிருந்து 12ஆவது ஆள். வரிசையில் மொத்தம் எத்தனை பேர்?

3. கண்ணாடிக்கு எதிரே உள்ள சுவரில் ஒரு முள் கடிகாரம் மாட்டியிருக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் 8 மணி 20 நிமிடம் போலத் தெரிகிறது. உண்மையான நேரம் என்ன?

விடைகள் கடைசியில் இருக்கின்றன. அதற்குள் எட்டிப் பார்க்கக் கூடாது!

இரண்டு தாளிலும் சேர்த்து 40 சதவீதம் எடுக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 32 சதவீதம். ஆனால் 40 எடுத்துவிட்டால் உதவித்தொகை உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குத்தான் இது கிடைக்கும். அதில் தமிழ்நாட்டுக்கு உள்ள இடங்கள் 6,695. இடஒதுக்கீட்டின்படி, மதிப்பெண் வரிசையில் பட்டியல் போடுவார்கள்.

வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

பட்டியலில் பெயர் வந்ததும் மிட்டாய் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் வேலை முடிந்துவிடவில்லை. இனிமேல்தான் அப்பா, அம்மாவின் பங்கு அதிகம்.

முதலாவது, மாணவர் பெயரில் வங்கிக் கணக்கு. பணம் பள்ளிக்கு வராது. நேராக அந்தக் கணக்குக்குத்தான் வரும். கணக்கோடு ஆதார் எண்ணை இணைத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, பெயர். பள்ளிப் பதிவேடு, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்ஷியல், எழுத்து, பிறந்த தேதி எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதா? ஒன்றில் இன்ஷியல் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் இருந்தால்கூடச் சிக்கல் வரலாம். வேறுபாடு இருந்தால் உடனே திருத்துங்கள். நாளை, நாளை என்று தள்ளிப் போடாதீர்கள்.

மூன்றாவது, வருமானச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகத்திலிருந்து கிடைக்கும். கையில் வர நாளாகும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

நான்காவது, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்ததும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளி சரிபார்த்த பிறகு மாவட்ட அலுவலர் சரிபார்ப்பார். இரண்டு பேரும் ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் வரும். ஆகவே விண்ணப்பித்ததோடு நின்றுவிடாமல், "எங்கள் விண்ணப்பம் அடுத்த இடத்துக்குப் போய்விட்டதா?" என்று பள்ளியில் கேளுங்கள்.

ஐந்தாவதுதான் அந்தப் பெண் தவறவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய மூன்று வகுப்புகளிலும் ஆண்டுதோறும் அதே இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குப் போகிறவர்களே, கவனம்! உங்கள் பழைய ஆசிரியர் அங்கே உங்களோடு வர மாட்டார். புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே வகுப்பாசிரியரிடம், "நான் என்.எம்.எம்.எஸ். தேறியவள்", "தேறியவன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

பணம் நிற்காமல் வர படிப்பும் நிற்கக் கூடாது. எட்டாம் வகுப்பில் 55 சதவீதமும் பத்தாம் வகுப்பில் 60 சதவீதமும் எடுக்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. ஒன்பதிலும் பதினொன்றிலும் முதல் முறையிலேயே தேற வேண்டும். நடுவில் தனியார் பள்ளிக்கு மாறினால் உதவித்தொகை நின்றுவிடும். மாற்றுச் சான்றிதழ் வாங்கும் முன் பெற்றோர் இதை யோசித்துக்கொள்ளட்டும்.

தேறாவிட்டால்?

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கிடைக்காது. இருப்பது 6,695 இடங்கள்தானே! பட்டியலில் பெயர் இல்லாத அன்று என் வகுப்பில் ஒரு பையன், "நான் மக்கு டீச்சர்" என்று அழுதான். அவன் சைக்கிள் செயின் கழன்றால் தானே மாட்டுவான். கடைக் கணக்கை வாயாலேயே கூட்டிச் சொல்வான். மூன்று மணி நேரத் தேர்வு அவனிடம் இதையெல்லாம் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு அவன் எப்படி விடை சொல்வான்? பெற்றோர்களே, அன்று பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள். தயாரித்த பழக்கம் அவர்களிடமே இருக்கும்.

அடுத்த படிகளும் இருக்கின்றன. கிராமம், பேரூராட்சிப் பகுதிப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு படிப்பவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு உண்டு. குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு 1,000 ரூபாய். பதினொன்றாம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு. 2022 முதல் நடக்கிறது. 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. அதில் பாதி இடம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கென்றே 2023இல் முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும் வந்தது. 500 மாணவர், 500 மாணவியருக்குப் பட்டப்படிப்பு வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய்.

சரி, அந்தச் சிறுமி என்ன ஆனாள்? படிப்பை விடவில்லை. சூளையில் கை கொப்பளித்தாலும் பள்ளி திறந்த அன்று சீருடையோடு போய் நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பும் முடித்தாள். ஆனால் அந்தக் கோடையில் அவள் கல் அறுத்திருக்க வேண்டியதே இல்லை.

உங்கள் வீட்டில் ஒவ்வொரு புதுக் காலண்டர் மாட்டும்போதும் ஜூன் மாதத் தாளைத் திருப்பி, சிவப்பு மையால் இப்படி எழுதி வையுங்கள்: 'உதவித்தொகை புதுப்பிக்க வேண்டும். ஆசிரியரிடம் கேள்!' நீங்கள் மறந்தாலும் சுவர் மறக்காது.

விடைகள்: 1. 42 (வித்தியாசம் 4, 6, 8, 10, 12 என்று கூடுகிறது). 2. 18 பேர் (7 + 12 - 1, மீனாவை இரண்டு முறை எண்ணக் கூடாது அல்லவா!). 3. 3 மணி 40 நிமிடம் (12 மணியிலிருந்து 8 மணி 20 நிமிடத்தைக் கழியுங்கள்).