மதுபானம்: உரிமமும் லேபிளும் ஏன் தேவை?

ஐக்கிய அரபு அமீரகத்தில் மதுபான விற்பனை விதிகள் எமிரேட்டுக்கு எமிரேட் வேறுபடுகின்றன. துபாயில் முஸ்லிம் அல்லாத, 21 வயது நிறைந்தவர்கள், தனிநபர் உரிமம் பெற்று, அரசு அனுமதித்த கடைகளில் வாங்கலாம். 2023 ஜனவரி 1 முதல் இவ்வுரிமத்திற்குக் கட்டணம் இல்லை. அன்று நிறுத்தி வைக்கப்பட்ட 30 விழுக்காடு வரி, 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் விதிக்கப்படுகிறது. ஷார்ஜாவில் மது விற்பனைக்குத் தடை உள்ளது. பிற எமிரேட்டுகளில் வாங்கியதை அவ்வழியே எடுத்துச் செல்வதும் குற்றமாகலாம்.

லேபிள் எதற்கு?

உரிமம் பெற்ற நிறுவனங்கள் இறக்குமதி செய்யும் பாட்டிலில் தயாரிப்பாளர், நாடு, மதுவின் விழுக்காடு, தொகுதி எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும், மூடி முத்திரையிடப்பட்டிருக்கும். குறை காணப்பட்டால் அது எங்கிருந்து வந்தது என்பதை அதிகாரிகள் கண்டறிய இவை உதவுகின்றன. தொழிலாளர் குடியிருப்புகளின் அருகே மலிவாக விற்கப்படும், லேபிள் இல்லாத பாட்டிலுக்கு இத்தகைய பொறுப்பு எவருக்கும் இல்லை. பழைய பாட்டிலில் நிரப்பப்பட்ட கலப்படச் சரக்கும் உண்டு. ஆகவே முத்திரை உடைந்திருந்தால் லேபிளையும் நம்புதல் ஆகாது.

மெத்தனால் என்னும் நஞ்சு

கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனாலை நிறத்தாலோ மணத்தாலோ இனங்காண இயலாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் இதனால் மாண்டனர். மதுவுக்கு முழுத் தடையுள்ள குவைத்திலும் 2025 ஆகஸ்டில் 23 பேர் உயிரிழந்தனர். 160 பேர் பாதிக்கப்பட்டனர். பாதிக்கப்பட்டவர்களுள் பெரும்பாலோர் ஆசிய நாட்டவர் ஆவர்.

அறிகுறிகளும் உதவியும்

குடித்துப் பல மணி நேரம் கழிந்த பின்னரே அறிகுறிகள் தோன்றக்கூடும். வாந்தி, கடும் வயிற்றுவலி, பார்வை மங்கல், மூச்சிரைப்பு ஆகியவற்றைச் சாதாரண போதைத் தெளிவின்மை எனக் கருதி, நோயாளியைத் தூங்க விடுதல் கூடாது. மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் உரிய நேரத்தில் கிடைத்தால் உயிரையும் பார்வையையும் காக்க இயலும். காவல்துறைக்கு அஞ்சி அறைத் தோழரை மறைத்து வைப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கும். உடனே 998 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைத்து, அவர் குடித்தது இன்னதென மருத்துவரிடம் மறைக்காமல் கூறுதல் வேண்டும். எஞ்சிய பாட்டிலையும் உடன் கொண்டு செல்வது நலம்.