துயிலும் கண்ணும் தொடுவில்லையும்

கண்ணை இமை காப்பதுபோல என்னும் வழக்கை அறியாத தமிழர் இலர். விழித்திருக்கும்பொழுது அவ்வழக்கு முற்றும் மெய்யே. இமை மூடித் திறக்குந்தோறும் கண்ணீர் புதிதாய்ப் பரந்து தூசையும் கிருமியையும் கழுவிச் செல்கின்றது. ஆனால், விழிமேல் தொடுவில்லையை அணிந்தவாறே உறங்குவாரிடத்துக் காக்கும் இமையே கேட்டுக்கு இடங்கொடுப்பதாகின்றது. அது எவ்வாறெனிற் கூறுவாம்.

விழியின் முகப்பிலே பளிங்குபோல் விளங்கும் விழிவெண்படலத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. இருப்பின் ஒளி தடையின்றி உட்புகாது. ஆகவே அது தனக்கு வேண்டிய ஒட்சிசனைப் பெரும்பாலும் காற்றிலிருந்தே பெறுகின்றது. இமை மூடியபின் அதன் உட்புறத்து நுண்குழாய்கள் தருவதே கதி. அஃது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கேயாம். அதற்கும் குறுக்கே வில்லை கிடப்பின் படலம் நீர்கோத்து வீங்கும், மேற்படை நலியும், நலிந்தவிடத்திற் கிருமி பற்றும்.

செக்கொசிலோவாக்கியாவில் ஒட்டோ விக்தெர்லே என்னும் அறிஞர், 1961ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில், சிறுவர் விளையாட்டுப் பொறித்துண்டுகளாற் கருவியொன்றமைத்து மென்வில்லைகளை வார்த்தார். (விளையாட்டுப் பொருளையும் அறிஞர் வீணே விடார் போலும்!) அவை உறுத்தாமையின், இரவிலும் கழற்றாதிருக்கும் ஆசை பிறந்தது. அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 1981இல் முப்பது நாள்வரை தொடர்ந்தணிய இசைந்தது. 1989இல் அதனை ஏழு நாளாகக் குறைத்தது. அவ்வாண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்றின்படி, பகலில் மாத்திரம் மென்வில்லை அணிவோரிற் பதினாயிரவருக்கு ஆண்டொன்றில் ஏறக்குறைய 4 பேருக்கும், இரவிலும் அணிவோரில் 21 பேருக்கும் விழிப்புண் கண்டது.

ஒட்சிசன் குறைவே குற்றமெனப் பலர் கருதினர். காற்றை மிகுதியாகப் புகவிடும் சிலிக்கோன் வில்லைகள் பின்னர் வந்தன. வீக்கம் தணிந்தது, புண் தணிந்ததோ எனின், இல்லை. 2008இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்விலே, அப்புதிய வில்லையோடு உறங்கினோரிற் பதினாயிரவருக்கு 25 பேர் நோயுற்றனர். பழைய மென்வில்லையைப் பகலில் மாத்திரம் அணிந்தோரில் 2 பேரே. இவ்வேறுபாடே நாம் ஊன்றி நோக்கற்பாலது. காற்றுக்கு வழி செய்த கைவன்மை, கண்ணீருக்கு வழி செய்திலது. மூடிய இமையின் கீழே நீர் தேங்க, வில்லைக்கும் விழிக்கும் இடையே அகப்பட்ட கிருமி கழுவுவாரின்றிப் பெருகும். சூடோமோனாசு என்னும் பற்றீரியா இரண்டொரு நாளிற் படலத்தை அரித்துத் தழும்பாக்க வல்லது. தழும்பு கண்மணிக்கு நேரே அமையிற் பார்வை மங்கியே போகும்.

பரீட்சைக் காலத்தில் நூலை மார்பிற் சாய்த்தபடி கண்ணயரும் மாணாக்கர், பாயிற் சாயுமுன்னரே வில்லையைக் கழற்றிவிடுதல் நன்று. கண் சிவந்து, நொந்து, வெளிச்சத்திற் கூசுமாயின், வில்லையை நீக்கி அன்றைக்கே கண் வைத்தியரை நாடுக. கடையில் துளிமருந்து வாங்கிக் காத்திருத்தல் ஆகாது. கழற்றிய வில்லையையும் அதன் சிமிழையும் எறிந்துவிடாது உடன்கொண்டு செல்க; பற்றிய கிருமி யாதென்பதை வைத்தியர் அவற்றிலிருந்தும் அறிதல் கூடும்.