பால் யாருக்குச் சேராது?

டீ டைமில் பனியன் கம்பெனிக்குள் டீ கேன் வந்ததும், வரிசையில் யாராவது ஒருவர் சொல்வார்: "எனக்குப் பாலு சேராதுங்க, வரக்காப்பி இருந்தாக் குடுங்க." பாலில் அவருக்கு எது சேரவில்லை, சர்க்கரையா, புரதமா? முன்னது வயிற்றுச் சங்கடம். பின்னது உயிருக்கே உலை வைக்கலாம்.

பாலில் உள்ள சர்க்கரை லாக்டோஸ். சிறுகுடலில் சுரக்கும் லாக்டேஸ் நொதிதான் அதை உடைக்கிறது. தாய்ப்பாலை மறந்த பிறகு இந்த நொதி குறைவதே பாலூட்டிகளின் இயல்பு. உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போனால், அங்குள்ள பாக்டீரியா அதை வாயுவாக்கும். வயிறு உப்பும், இரையும், சில சமயம் பேதியாகும். வளர்ந்த பிறகும் நொதி சுரக்கவைக்கும் மரபணு மாற்றம் சிலருக்கு உண்டு. இந்தியர்களிடமும் ஐரோப்பியர்களிடமும் பெரும்பாலும் இருப்பது ஒரே மாற்றம்தான் என்று, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மைய விஞ்ஞானிகள் பங்கேற்று 2012-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நாட்டின் வடமேற்கில் அது அதிகம். தெற்கே, கிழக்கே வர வரக் குறைவு. ஆகவே நம்மில் பலருக்குப் பால் செரிக்காதது நோயே அல்ல.

இங்கே அளவுதான் கணக்கு. 100 மில்லி பசும்பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ். டீக்கு ஊற்றும் பால் பெரும்பாலோரை ஒன்றும் செய்யாது. தயிரில் பாக்டீரியா ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. ஊத்துக்குளியில் வெண்ணெய் கடையும்போது சர்க்கரையில் பெரும்பகுதி மோரோடு போய்விடும். உருக்கிய நெய்யில் ஏறக்குறைய இல்லை.

புரதம் சேராத ஒவ்வாமையில் இந்தக் கணக்கு எடுபடாது. கேசின் போன்ற பால் புரதத்தைப் பகையாக எண்ணி, உடல் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை ஆயத்தமாக வைத்திருக்கும். ஒரு வாய் பட்டாலும் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் கொட்டும்: தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு, இரத்த அழுத்தச் சரிவு. அப்போது காப்பாற்றுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. இவர்களுக்குத் தயிரும் ஆகாது. நெய்யில் தங்கும் புரதத் துளிகூட ஆபத்தாகலாம். சிலர் ஆட்டுப்பால் கொடுக்கச் சொல்வார்கள். புரதங்கள் ஒத்திருப்பதால் அதுவும் பெரும்பாலும் ஆகாது.

ஒவ்வாமையை உறுதிசெய்ய, ஐஜிஇ பார்க்கும் இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. பெங்களூரு, மைசூரு பெரியவர்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், ஏதாவதோர் உணவுக்கு ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம், ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கருதப்பட்டவர்கள் 1.2 சதவீதம்தான். ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து, வளரும் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துவதைக் கண்டால் வேதனையாக இருக்கிறது. எதைச் சாப்பிட்டால், எத்தனை நிமிடத்தில், என்ன ஆகிறது என்று குறித்துவைத்து ஒவ்வாமை மருத்துவரிடம் சொல்லுங்கள். சந்தேகம் தீராவிட்டால், மருத்துவமனையிலேயே கண்காணிப்பில் துளித்துளியாக ஊட்டிப் பார்த்து அவர் முடிவு சொல்வார்.